கண்ணும் கையும்: கிராம சுகாதாரச் செவிலியரை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

'சுகாதாரக் கட்டமைப்பை வலுப்படுத்துதல்' என்கிற சொற்றொடர் இன்று எல்லோர் வாயிலும் புழங்குகிறது. உலக வங்கி சொல்கிறது, உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, மாநில அரசின் கொள்கை விளக்கக் குறிப்பு சொல்கிறது. அவற்றை எதிர்த்துத் தெருவில் உட்காருகிற சங்கமும் அதையேதான் சொல்கிறது. எதிரெதிர் நலன்கள் கொண்டவர்கள் ஒரே சொல்லைப் பேசத் தொடங்கினால் அந்தச் சொல்லைச் சற்று நிறுத்திவைத்து விசாரிப்பது நம் வேலை. எது வலுப்படுகிறது? கட்டடமா, கருவியா, கணினியா, ஆளா? இக்கேள்வியை மேலிருந்து கேட்டால் வழக்கமான பதில்களே கிடைக்கும். எனவே கட்டமைப்பின் கடைசிப் படியில் நிற்கிற ஒரு பெண்ணை முன்வைத்துக் கேட்டுப் பார்ப்பதே இக்குறிப்புகளின் நோக்கம்.

மொரப்பூர், தருமபுரிக்கும் அரூருக்கும் இடையில் உள்ள ஒன்றியத் தலைமையிடம். சென்னை–சேலம் ரயில் மார்க்கத்தில் ஒரு ஸ்டேஷன். இங்கிருந்து தருமபுரிக்குப் போன சின்ன ரயில் பாதை இரண்டாம் உலகப் போரின்போது 1941இல் மூடப்பட்டது. திரும்பப் போடுவதற்கு 2019இல்தான் அடிக்கல் நாட்டினார்கள். பெரும்பாலும் மானாவாரிக் காடுகள். மழை ஏமாற்றினால் பனியன் கம்பெனிக்குத் திருப்பூருக்கும், சித்தாள் வேலைக்குப் பெங்களூருக்கும் ஆள் கிளம்பிவிடுகிற பகுதி. இங்குள்ள கிராமங்களில் 'கவர்மெண்ட்' என்பது ஒரு கருத்தல்ல, சில ஆட்கள்: வி.ஏ.ஓ., ரேஷன் கடைக்காரர், போலீஸ்காரர், மலையோரமென்றால் வனத்துறைக் காவலர், அப்புறம் நர்சம்மா. அரசாங்கப் பெயர் கிராம சுகாதாரச் செவிலியர். ஊர் வைத்திருக்கிற பெயர் நர்சம்மாதான்.

இவர்களில் யாரும் கூப்பிடாமல் வீட்டுக்குள் வந்து, உடம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிற அரசு ஊழியர் நர்சம்மா ஒருவர்தான். இதே வட்டாரத்தில் அரசு வேறு விதமாகவும் வீட்டுக்குள் வந்திருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று வாச்சாத்தி மலைவாழ் மக்களின் வீடுகளுக்குள் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் நுழைந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டனர். 2011இல் தருமபுரி நீதிமன்றம் தண்டித்தது, 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த அரசும் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிற அரசும் ஒன்றேதான் என்பதை மறந்துவிட்டுப் பொது சுகாதாரம் பற்றிப் பேச முடியாது. ஆனால் இரண்டும் ஒன்றே என்று சொல்லி முடித்துக்கொள்வதும் சோம்பேறித்தனம்.

நர்சம்மாவிடம் அரசின் கண் இருக்கிறது. யார் வயிற்றில் பிள்ளை, எத்தனையாவது பிள்ளை, யார் ஊசிக்கு வரவில்லை, எந்த வீட்டில் சாவு என்று பார்த்து எழுதுகிற கண். அரசின் கையும் இருக்கிறது. வயிற்றைத் தொட்டு, ரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரை கொடுத்து, வலி எடுத்தால் வண்டிக்குச் சொல்லி அனுப்புகிற கை. நம் விமர்சனம் முப்பது வருஷமாகக் கண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. அதே காலத்தில் அரசுகள் கண்ணைப் பெரிதாக்கிக்கொண்டு கையைச் சன்னமாக்கி வந்திருக்கின்றன. இன்று 'வலுப்படுத்துதல்' என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இதுதான் என்பது என் வாதம்.

2

இந்தக் கண்ணும் கையும் எப்படி ஒரே உடம்பில் வந்து சேர்ந்தன என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

காலனிய அரசுக்குப் பொது சுகாதாரம் என்பது முதலில் பட்டாளமும் துறைமுகமும் கொள்ளைநோயும். 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொது சுகாதாரச் சட்டம் இந்தியாவில் அவ்வகையில் முதலாவது. குடிநீர், சாக்கடை, தொற்றுநோய், சந்தை, திருவிழா ஆகிய எல்லாவற்றையும் ஒரு துறையின் பொறுப்பாக்கியது. விடுதலைக்குப் பிறகு பல மாநிலங்கள் பொது சுகாதாரத்தை மருத்துவத் துறையோடு கரைத்துவிட்டன. தமிழ்நாடு தனி இயக்குநரகமாக வைத்துக்கொண்டது. நோய் வந்தபின் பார்ப்பவர்கள் ஒரு துறை, வராமல் பார்ப்பவர்கள் வேறு துறை. காலராவுக்கோ டெங்குவுக்கோ இங்கே யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டியிருப்பதற்கு இந்தப் பிரிவினை ஒரு காரணம்.

1946இல் வந்த போர் குழு அறிக்கை, காசில்லை என்பதற்காக ஒருவருக்கும் வைத்தியம் மறுக்கப்படக் கூடாது என்றது. ஆரம்ப சுகாதார நிலையம் என்கிற யோசனைக்கு அதுதான் மூலம். அந்த நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடுவே நடந்து போக ஓர் ஆள் வேண்டுமல்லவா? அப்படித்தான் துணைச் செவிலிய மகப்பேறு உதவியாளர் உருவாக்கப்பட்டார். முதலில் பிரசவம் பார்ப்பதுதான் வேலை. 1973இல் கர்த்தார் சிங் குழு, மலேரியாவுக்கு ஒருவர், அம்மைக்கு ஒருவர், குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஒருவர் என்று தனித்தனியே இருந்த ஊழியர்களை ஒன்றாக்கிப் 'பல்நோக்கு' ஊழியர் என்றது. பல்நோக்கு என்பது நல்ல சொல்லாகத் தோன்றும்; நடைமுறையில் எல்லா நோக்கமும் ஒரு பெண்ணின் தோளில் ஏறியது. சமவெளியில் ஐயாயிரம் பேருக்கும் மலையில் மூவாயிரம் பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு நர்சம்மா என்பது கணக்கு. தமிழ்நாட்டில் இப்படி 8700க்கும் மேற்பட்ட துணை நிலையங்கள்.

இந்தப் பெண் வெற்றிடத்தில் வந்து இறங்கவில்லை. ஊரில் ஏற்கெனவே மருத்துவச்சி இருந்தாள். தமிழகக் கிராமங்களில் பெரும்பாலும் நாவிதர் சமூகத்துப் பெண். பிள்ளைப்பேறு தீட்டு என்று வைத்திருந்த சமூகம், அந்தத் தீட்டைக் கையில் வாங்கும் வேலையையும் ஒரு சாதிக்கு ஒதுக்கிவைத்திருந்தது. அவளிடம் அறிவு இருந்தது, அதற்கு மரியாதை இல்லை. அரசு வந்து அந்த அறிவையும் சேர்த்து ஓரங்கட்டியது. இதை நவீனத்தின் வன்முறை என்று மட்டும் படித்தால் பாதிதான். இன்னொரு பாதி, சாதிக் கடமையாக இருந்த ஒரு வேலை படிப்பும் சம்பளமும் பென்ஷனும் உள்ள உத்தியோகமாக மாறியது. எந்தச் சாதிப் பெண்ணும் அந்த வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு எந்தத் தெருவுக்குள்ளும் போகலாம் என்கிற நிலை எளிதில் வந்ததல்ல. துணை நிலையம் ஊரில் இருக்கிறதா காலனியில் இருக்கிறதா என்பது இன்றைக்கும் சின்ன விஷயம் இல்லை.

ஆனால் உத்தியோகம் கொடுத்த அரசு பதிலுக்கு ஒன்று கேட்டது: டார்கெட். தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு என்று ஒன்றை எழுதச் சொன்னது. இந்த மாதம் இத்தனை கருத்தடை ஆபரேஷனுக்கு ஆள் பிடித்தாக வேண்டும். 1975–77 நெருக்கடி நிலைக் காலத்தில் இது எங்கே போய் முடிந்தது என்பதை வடமாநிலங்கள் பார்த்தன. இலக்கு முறை 1996 வரை தொடர்ந்தது. மக்கள்தொகை என்பதை ஆளப்பட வேண்டிய ஒரு பொருளாகக் கண்டெடுத்த நவீன அதிகாரம், உடலைக் கொல்வதைவிட அதன் பிறப்பையும் இறப்பையும் எண்ணி நிர்வகிப்பதில் கருத்தாக இருக்கிறது என்று ஃபூக்கோ சொன்னதற்கு நம் ஊரிலேயே கிடைக்கிற உதாரணம் நர்சம்மாவின் பையில் இருக்கும் பதிவேடுதான். தொண்ணூறுகளில் நாம் இதைச் சரியாகவே சொன்னோம். சொன்னதோடு நின்றுகொண்டோம்.

3

அந்தப் பதிவேட்டையே கொஞ்சம் நிதானமாக வாசிப்போம்.

தொண்ணூறுகளில் தருமபுரி, சேலம், மதுரை ஆகிய மாவட்டங்களின் பெயர் பெண்சிசுக் கொலையோடு சேர்த்தே உச்சரிக்கப்பட்டது. அக்காலத்து ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் சிசு மரணத்துக்கான காரணங்களில் வயிற்றுப்போக்கு, நிமோனியா, குறைப்பிரசவம் ஆகியவற்றோடு இன்னொரு காரணமும் எழுதப்பட்டிருந்தது: 'சமூகக் காரணங்கள்'. பெண்சிசுக் கொலைக்கு அரசுப் பதிவேடு வைத்த பெயர் இதுதான்.

ஓர் இலக்கிய மாணவர் இந்தச் சொற்றொடரை விட்டுவிட்டுப் போக முடியாது. முதல் பார்வைக்கு இது மழுப்பல். கொலையைக் கொலை என்று சொல்லவில்லை. ஆனால் எழுதுகிறவரின் இடத்தில் நின்று பாருங்கள். 'கொலை' என்று எழுதினால் போலீஸ் வரும்; பெற்றவளைத்தான் முதலில் ஜீப்பில் ஏற்றுவார்கள். அடுத்த நாள் அந்தத் தெருவில் ஒரு கதவும் நர்சம்மாவுக்குத் திறக்காது. அடுத்த கர்ப்பம் பதிவுக்கே வராது. 'வயிற்றுப்போக்கு' என்று எழுதினால் வம்பில்லை, ஆனால் செத்த குழந்தை கணக்கிலிருந்தும் மறுபடி ஒருமுறை செத்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு சொல் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அது மறைக்கிறது, அதே சமயம் எண்ண விடுகிறது.

அந்த எண்ணிக்கையைத்தான் ஷீலா ராணி சுங்கத்தும் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் எடுத்து, எந்தெந்த மாவட்டத்தில் எந்தெந்த ஒன்றியங்களில் பெண்சிசுக் கொலை குவிந்திருக்கிறது என்று 1997இல் வெளியிட்டார்கள். அதுவரை 'அங்கங்கே நடக்குதாம்' என்று வதந்தியாக இருந்தது நிலப்படமாக மாறியது. அதை ஒட்டி 1997–99இல் தருமபுரி மாவட்டத்தில் டானிடா உதவி பெற்ற சுகாதாரத் திட்டத்தின் கீழ் கலைப்பயணம் நடந்தது. தெருநாடகக் குழுக்கள் ஊர் ஊராகப் போயின. சட்டத்தைக் காட்டி மிரட்டுவதற்குப் பதிலாக ஊரையே பேச வைப்பது என்பது அதன் உத்தி. இங்கே எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் கவனிக்க வேண்டியது, அந்த மேடைக்குப் போக வேண்டிய ஊர் எது என்று சொன்னது ஏதோ ஒரு நர்சம்மா எழுதிவைத்த ஒரு வரி. 1992இல் சேலத்தில் தொடங்கி 2001இல் தருமபுரிக்கும் நீட்டிக்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம் பற்றி நிறையப் பேசுகிறோம். பெண்ணைப் பெற்றவளிடம் 'வேண்டாமென்றால் எங்களிடம் போட்டுவிடு' என்று சொல்வது வேண்டாமையை அங்கீகரிப்பதாகாதா என்கிற கேள்வி அன்றே எழுந்தது. தொட்டிலுக்குப் பேர் கிடைத்தது. பதிவேட்டுக்குக் கிடைக்கவில்லை.

இதிலிருந்து நாம் பெற வேண்டிய பாடம் கண்காணிப்பு நல்லது என்பதல்ல. பிரச்சினை இன்னும் சிக்கலானது. பிறந்த குழந்தைக்குக் கள்ளிப்பாலும் நெல்மணியும் கொடுத்த காலம் போய், பிறக்குமுன்பே பார்த்து அழிக்கிற ஸ்கேன் காலம் வந்தது. கருவின் பாலினத்தைச் சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994இலேயே வந்துவிட்டது. ஆயினும் 2022இல்கூடத் தருமபுரி மாவட்டத்தில் வீட்டுக்குள் ஸ்கேன் கருவி வைத்துப் பாலினம் சொன்ன கும்பல் பிடிபட்டது. இந்த மரணம் எந்தப் பதிவேட்டிலும் வராது. பதிவான ஒரு கர்ப்பம் நாலாவது மாதத்தில் காணாமல் போனால், அது கலைந்ததா கலைக்கப்பட்டதா என்று யாருக்குத் தெரியும்? அந்தத் தெருவில் வாரம் ஒருமுறை நடந்து, அந்தப் பெண்ணின் மாமியாரோடு திண்ணையில் உட்கார்ந்து பேசி, போன பிள்ளைக்கு மஞ்சள்காமாலை வந்தபோது கூடவே ஆஸ்பத்திரிக்குப் போன ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். கை போகாத இடத்தில் கண்ணுக்கும் ஒன்றும் தெரியாது. கணினித் திரையில் அது ஒரு காலிக் கட்டமாக மட்டும் இருக்கும்.

4

இது தருமபுரிக் கதை மட்டுமல்ல. உலக அளவிலும் இதே திருகல் நடந்திருக்கிறது.

1978இல் அன்றைய சோவியத் கஜகஸ்தானின் அல்மா-ஆத்தாவில் கூடிய நாடுகள் 2000க்குள் எல்லோருக்கும் நலவாழ்வு என்று அறிவித்தன. சீனத்தின் வெறுங்கால் மருத்துவர்கள் அந்த அறிக்கைக்குப் பின்னால் இருந்த உந்துதல்களில் ஒன்று. குடிநீர், உணவு, கல்வி, மக்கள் பங்கேற்பு ஆகிய எல்லாமே சுகாதாரம் என்று அது பேசியது. அது சரி என்பதற்கு நம் மாவட்டத்துப் பற்களே சாட்சி. நிலத்தடி நீரிலுள்ள ஃப்ளூரைடால் பல் காவியேறி எலும்பு வளைந்தவர்களுக்கு எந்த டாக்டரும் மருந்து எழுத முடியாது. தேவைப்பட்டது குழாய். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் தொடங்கிவைக்கப்பட்டது.

ஆனால் அல்மா-ஆத்தாவின் மை காயுமுன்பே, 1979இல், இதெல்லாம் நடக்கிற காரியமா, தடுப்பூசி, உப்புச் சர்க்கரைக் கரைசல் போன்ற மலிவான சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுப்போம் என்று வேறொரு குரல் வந்தது. பிறகு கடன் நெருக்கடி, கட்டமைப்புச் சீரமைப்பு. 1993இல் உலக வங்கி தன் ஆண்டறிக்கையைச் சுகாதாரத்துக்கே ஒதுக்கியது. தலைப்பிலேயே சுகாதாரம் ஒரு 'முதலீடு'. உடல், ஆயுள், ஊனம் எல்லாம் ஒரே அலகில் அளக்கப்பட்டன. எந்தச் சிகிச்சைக்கு எத்தனை டாலர் செலவழித்தால் எத்தனை ஆயுள் ஆண்டு லாபம் என்கிற கணக்கு. அந்தக் கணக்கில் மருந்து செலவு, ஊசி செலவு, ஊழியரின் சம்பளமும் செலவுதான். சம்பளத்தைக் குறைத்தால் 'திறன்' கூடும்.

விளைவு என்ன? இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் கென்யாவில் ஆஸ்பத்திரிகளில் நர்ஸ் பணியிடங்கள் காலியாகக் கிடந்தன. அதே நாட்டில் படித்து முடித்த நர்ஸுகள் ஆயிரக்கணக்கில் வேலையில்லாமல் இருந்தார்கள். அரசின் சம்பளச் செலவுக்கு உச்சவரம்பு போட்டிருந்தபடியால் இரண்டையும் சேர்த்துவைக்க முடியவில்லை. 2006இல் உலக சுகாதார நிறுவனம் 57 நாடுகளில் ஊழியர் பற்றாக்குறை அபாய அளவில் இருப்பதாகவும், டாக்டர், நர்ஸ், மருத்துவச்சி ஆகியோர் மட்டும் சுமார் 24 லட்சம் பேர் குறைவதாகவும் கணக்குக் காட்டியது. இருந்தவர்களையும் பணக்கார நாடுகள் அழைத்துக்கொண்டன. அதைக் கட்டுப்படுத்த 2010இல் ஒரு நடத்தை நெறி வந்தது. அது நெறியே தவிரச் சட்டமல்ல. ஏழை நாடு தன் காசில் படிக்கவைத்த நர்ஸ், லண்டன் ஆஸ்பத்திரிக்கு ஓர் இலவச ஏற்றுமதி.

வேறு வழிகளும் இருந்தன. எத்தியோப்பியா 2003இல் தொடங்கிய திட்டத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்களுக்கு ஓராண்டுப் பயிற்சி கொடுத்து, அரசுச் சம்பளத்தில் வைத்தது. நம்மைவிட எவ்வளவோ ஏழை நாடு அது. பாகிஸ்தானில் 1994இல் தொடங்கிய 'லேடி ஹெல்த் வொர்க்கர்' திட்டத்துப் பெண்கள் அற்பத் தொகைக்கு வேலை பார்த்தார்கள். சாலையை மறித்தார்கள், உச்சநீதிமன்றம் போனார்கள், 2012–13 வாக்கில் நிரந்தர ஊழியர்களானார்கள். போலியோ சொட்டு மருந்து கொடுக்கப் போய்ச் சுடப்பட்டவர்கள் அவர்களில் உண்டு. காசில்லை என்று அரசுகள் சொல்வது ஒரு தேர்வு, விதியல்ல என்பதற்கு இந்த இரண்டு நாடுகளும் போதும்.

5

இங்கே திரும்புவோம். தமிழ்நாட்டுப் பொது சுகாதாரம் இந்தியாவின் பெருமைகளில் ஒன்று என்பதில் பொய்யில்லை. 2018–20 கணக்கில் ஒரு லட்சம் பிரசவத்துக்குத் தாய் மரணம் இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. 2020இல் ஆயிரம் குழந்தைகளுக்குச் சிசு மரணம் இந்தியாவில் 28, இங்கே 13. 1994இல் ஏற்படுத்தப்பட்ட மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாக வாங்கி, ஆஸ்பத்திரிதோறும் ஒரு பாஸ்புக் கொடுத்து விநியோகிக்கிற முறையை மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துப் போயின. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று நர்ஸுகளை ஷிப்ட் போட்டு இருபத்து நாலு மணி நேரமும் திறந்துவைத்ததும், ராத்திரி வலியெடுத்தவளுக்குப் பூட்டிய கதவு இல்லாமல் போனது. இவையெல்லாம் நிஜமான வலு.

டாக்டர்கள் விஷயத்திலும் அப்படித்தான். 'கிராமத்துக்கு எந்த டாக்டர் சார் போறான்?' என்று நடுத்தர வர்க்கம் சலித்துக்கொள்கிறது. தமிழ்நாட்டில் போனார்கள். தியாகத்தால் அல்ல, அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் பாதி இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. கிராமத்தில் சில வருஷம் வேலை பார்த்தவர் எம்.டி. படித்துத் தாலுகா ஆஸ்பத்திரிக்கு நிபுணராகத் திரும்பி வந்தார். 2017இல் மருத்துவக் கவுன்சில் விதியைக் காட்டி நீதிமன்றங்கள் இதைப் பட்டப்படிப்பில் நிறுத்தின. மாநிலங்கள் இப்படி ஒதுக்கலாம் என்று உச்சநீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்ட் 31 அன்று சொல்லும்வரை மூன்று வருஷம் அந்தச் சங்கிலி அறுந்து கிடந்தது. ஊழியரை ஊரில் நிறுத்துவது உபதேசமல்ல, ஓர் ஏற்பாடு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அப்படிப்பட்ட ஏற்பாடுகளைக் கட்டிய அதே அரசு மறுபக்கம் என்ன செய்தது என்பதை அது பயன்படுத்துகிற சொற்களே காட்டிக்கொடுக்கின்றன. முதல் சொல், 'தொகுப்பூதியம்'. 2015இல் தேர்வெழுதி வந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸுகள் மாதம் 7700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் சேர்க்கப்பட்டார்கள். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று சொல்லப்பட்டது. நிரந்தரம் வரவில்லை, 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டார்கள். தொகுப்பூதியம் என்றால் சம்பளம் தொகுக்கப்பட்டிருக்கிறது என்று பொருளில்லை. அகவிலைப்படி, பென்ஷன், பதவி உயர்வு எல்லாம் கழிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது சொல், 'தற்காலிகம்'. கொரோனா காலத்தில் பிபிஇ உடைக்குள் வெந்து வேலை பார்க்கச் சேர்க்கப்பட்டவர்களில் இரண்டாயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட நர்ஸுகளின் பணி 2022 டிசம்பர் 31ஓடு முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். கைதட்டினோம், விளக்கேற்றினோம், அவ்வளவுதான்.

மூன்றாவது சொல்தான் நுட்பமானது: 'தன்னார்வலர்'. 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கப்பட்டது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலிலேயே பரிசோதனை, மாத்திரை. கூலி வேலையை விட்டுவிட்டு மாதாமாதம் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாத கிழவிக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்பதை யாரும் மறுக்க முடியாது. 2024இல் ஐ.நா. விருதும் கிடைத்தது. வாசலுக்குப் போகிறவர் யார்? மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து எடுக்கப்பட்ட 'பெண் சுகாதாரத் தன்னார்வலர்'. அவருக்குக் கொடுக்கப்படுவது சம்பளமல்ல, 'ஊக்கத்தொகை'. நாடு முழுவதும் சுமார் பத்து லட்சம் ஆஷா ஊழியர்களுக்கு 2005இலிருந்து இதே சொல்தான். அவர்களுக்கும் 2022இல் உலக சுகாதார நிறுவனத்தின் விருது வந்தது. ஒரு பெண் தினமும் குறிப்பிட்ட வீடுகளுக்குப் போய், குறிப்பிட்ட வேலையைச் செய்து, செல்போனில் கணக்கு ஏற்றி, மேலதிகாரிக்குப் பதில் சொல்கிறார். இதற்குப் பெயர் வேலை. அதைத் தன்னார்வம் என்று அழைக்கிற கணத்தில், வீட்டில் பெண்கள் செய்கிற சம்பளமில்லாப் பணிவிடையின் நீட்சியாக அது மாற்றப்படுகிறது. மருத்துவச்சியின் வேலையை உத்தியோகமாக்கிய அதே அரசு, அந்த உத்தியோகத்தை மறுபடி 'சேவை' ஆக்குகிறது. சாதிக் கடமை என்றார்கள் அன்று, சமூக அக்கறை என்கிறார்கள் இன்று.

நர்சம்மா என்ன ஆனார்? 2023 அக்டோபரில் 2250 கிராம சுகாதாரச் செவிலியர் இடங்களை நிரப்ப அறிவிப்பு வந்தது. மொத்தத் துணை நிலையங்களில் இது கால்வாசிக்கு நெருக்கம். ஓர் இடம் காலியானால் பக்கத்து நர்சம்மா 'கூடுதல் பொறுப்பு' பார்க்க வேண்டும். இதற்கு நடுவே கர்ப்பிணிப் பதிவு கணினிக்குப் போய்விட்டது. அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் இல்லை, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகை இல்லை. ஆதார் நம்பர், வங்கிப் புத்தகம், ஓடிபி. திருப்பூரில் வேலை பார்க்கிறவள் மொரப்பூர்ப் பக்கம் தாய்வீட்டுக்கு வந்தால் எந்த ஊர்ப் பதிவு என்று போனில் மல்லுக்கட்டு. கைப்பதிவேடும் ஒழியவில்லை. வயிற்றைத் தொடுகிற நேரம் குறைந்து, எண்ணைத் தட்டுகிற நேரம் கூடியிருக்கிறது. பிரசவம் அவர் கையை விட்டுப் போய்ப் பல காலமாயிற்று. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 2019–21இல் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். சுகப்பிரசவத்துக்குக் காத்திருக்கப் பொறுமையுள்ள கைகள் குறையும்போது கத்தி அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது.

6

நம் நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும்: நவீன மருத்துவமே ஒரு மேலாண்மை, அதன் ஊழியரை நிரந்தரமாக்கு என்று நாம் ஏன் கோர வேண்டும்? இவான் இல்லிச் எழுபதுகளில் சொன்னபடி மருத்துவ நிறுவனமே நோயை உண்டாக்குகிறதல்லவா?

இல்லிச்சின் விமர்சனம் மருந்து மிகுந்துபோன சமூகத்தைப் பார்த்து எழுதப்பட்டது. நம் பிரச்சினை இரண்டும் ஒரே தெருவில் இருப்பது. ஒரு வீட்டில் தேவையில்லாத சிசேரியன், அடுத்த வீட்டில் கிடைக்காத இரும்புச்சத்து மாத்திரை. அரசு மருத்துவம் பின்வாங்குகிற இடத்தில் பாட்டி வைத்தியம் வந்து உட்காருவதில்லை. கந்துவட்டிக்கு வாங்கிய காசோடு போகிற நர்சிங் ஹோமும், ஊசி போடுகிற போலி டாக்டருமே வந்து உட்காருகிறார்கள். அதிகாரத்தின் கண்ணிலிருந்து தப்பிப்பது விடுதலை என்றால், கண்ணில் படாமலே செத்துப்போன மலைக்கிராமத்துத் தாய்மார்கள் எல்லோரும் விடுதலை பெற்றவர்களாகிவிடுவார்கள்.

அரூருக்கு அப்பால் கல்வராயனுக்கும் சித்தேரி மலைக்கும் நடுவிலுள்ள சிட்லிங்கி பள்ளத்தாக்கு இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. 1993இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதா ரெஜியும் ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கியபோது அங்கே ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதுக்குள் செத்துக்கொண்டிருந்தன. அவர்கள் வெளியிலிருந்து நர்ஸுகளைக் கூட்டிவரவில்லை. மலையாளிப் பழங்குடிப் பெண்களையே பயிற்றுவித்து நர்ஸுகளாகவும் சுகாதார ஊழியர்களாகவும் ஆக்கினார்கள். பார்க்கிற பெண்ணும் பார்க்கப்படுகிற பெண்ணும் ஒரே மொழியில், ஒரே ஊர்க்காரர்களாக இருந்தார்கள். சிசு மரணம் பெருமளவு குறைந்தது. இதை 'தொண்டு நிறுவனங்கள் செய்யும், அரசு ஒதுங்கிக்கொள்ளலாம்' என்பதற்கு உதாரணமாக்குவது மோசடி. ஒரு பள்ளத்தாக்கில் சாத்தியமானதை எல்லா ஒன்றியத்துக்கும் கொண்டுபோக அரசைத் தவிர வேறு யாரிடமும் ஆளும் பணமும் இல்லை. அங்கே கற்க வேண்டியது ஊழியரை எங்கிருந்து எடுப்பது, எவ்வளவு காலம் நிறுத்திவைப்பது என்பதைத்தான்.

ஆகவே 'வலுப்படுத்துதல்' என்கிற சொல்லுக்கு நாம் சில அளவுகோல்களை வைக்கலாம். துணை நிலையத்தில் காலியிடம் இல்லையா? அங்கே நர்சம்மா குடும்பத்தோடு தங்கக்கூடிய, தண்ணீரும் விளக்கும் உள்ள குடியிருப்பு இருக்கிறதா? ஒரே ஊரில் ஐந்து வருஷமாவது இருக்கிறாரா? அவர் நாளில் எத்தனை மணி நேரம் வீடுகளில், எத்தனை மணி நேரம் திரையில்? தன்னார்வலர் என்று அழைக்கப்படுகிறவருக்கு நியமன ஆணை, குறைந்தபட்சக் கூலி, பேறுகால விடுப்பு உண்டா? மகப்பேறு விடுப்பு பற்றி வீடு வீடாகச் சொல்லப் போகிறவருக்கே அது இல்லை என்பதை என்னவென்று சொல்வது? இவற்றுக்குப் பதில் இல்லாத திட்டம் எவ்வளவு பளபளப்பான செயலியோடு வந்தாலும் அது கண்ணை மட்டுமே வலுப்படுத்துகிறது.

சங்கங்களில் வேலை செய்கிற தோழர்களுக்கு ஒன்று. நர்ஸுகளின் கோரிக்கையைச் 'சம்பளப் பிரச்சினை' என்று ஒதுக்கிவிட்டு 'மக்கள் நலன்' பேசுகிற பழக்கம் இடதுசாரிகளிடமும் உண்டு. பாகிஸ்தான் பெண்கள் காட்டியது போல இங்கே இரண்டும் ஒன்றுதான். ஊர்ச் சபைகளில் சுகாதாரம் பேசப்படும்போது காலியிடக் கணக்கைக் கேளுங்கள். எந்தத் துணை நிலையம் எத்தனை மாதமாகக் கூடுதல் பொறுப்பில் ஓடுகிறது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, ஊர்ச் சுவரில் எழுதிப் போடுங்கள். எழுதுகிற நண்பர்களுக்கு இன்னொன்று. மருத்துவமனை பற்றிய நம் கதைகளில் டாக்டர் வருகிறார், நோயாளி வருகிறார். வெயிலில் குடை பிடித்துக்கொண்டு சந்துக்குள் போகிற பெண் ஓரமாகத்தான் வந்துபோகிறாள். 'சமூகக் காரணங்கள்' என்று எழுதுவதற்கு முன் அவள் பேனாவை எவ்வளவு நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்திருப்பாள் என்பது எழுதப்பட வேண்டியிருக்கிறது.